சுவரைத் தள்ளுபவர் செய்த வேலை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் கிடங்குக்குள் நுழைந்தான். அவனுடைய மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அந்தக் கிடங்கில் பதினோரு பேர் பேசாமல் நின்றால் யாருடைய காலிலோ பெட்டி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவன் முதலில் தரையைத்தான் பார்த்தான்.

தரையில் ஒன்றும் இல்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்து வந்துட்டான். அவனையே கேளுங்க" என்றார் ஒருவர்.

எழுத்து என்பது அவனுடைய பெயர் இல்லை. டைல்ஸ் பெட்டிகளை அடுக்கிவைத்து லாரிகளில் அனுப்பும் அந்தக் கிடங்கில் அவனுக்கு லேபிள் எழுதி ஒட்டும் வேலை. கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அதனால் 'தலை ஜாக்கிரதை', 'இங்கே துப்பாதீர்கள்', 'இந்த ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும்' என்று நிர்வாகம் சொல்ல நினைப்பதையெல்லாம் அவன்தான் எழுதி ஒட்டுவான். நல்ல சேதி எதையும் இதுவரை எழுதியதில்லை. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். அங்கே அவனுடைய கையெழுத்துதான் மற்றவர்களுக்குத் தலையெழுத்தாக இருந்தது.

சுவரில் இருந்த தாளையும் அவன்தான் எழுதியிருந்தான். திங்கட்கிழமை மாலை, வீட்டுக்குக் கிளம்பும் முன், கறுப்பு மார்க்கரில், கீழே இரண்டு சிவப்புக் கோடு போட்டு:

'இடப்பெயர்ச்சி இல்லை என்றால் வேலை இல்லை.'

"எந்த ஊருக்கு மாத்தறாங்க?" என்று கேட்டார் தகரம். தகரத்தில் அடித்தது போன்ற குரல் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் மெதுவாகக் கேட்டாலே லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"யாரை?"

"எங்களைத்தான். இடம் மாறிப் போகாதவனுக்கு வேலை கிடையாதுன்னு போட்டிருக்கியே. சிவப்புக் கோடு வேற."

"ஐயோ, இது நோட்டீஸ் இல்லண்ணே. இது இயற்பியல்."

"அது யாரு, புது முதலாளியா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னான். வாரத்துக்கு மூன்று நாள் சாயங்கால வகுப்புக்குப் போகிறான். பொறியியல் டிப்ளமோவில் சேர இயற்பியலில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றுவிட்டான். வரும் சனிக்கிழமை மூன்றாவது தேர்வு. அதிலும் தோற்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கணக்குகள் வந்துவிடுகின்றன. கணக்கு இல்லாத, யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறான். 'ஒருவர் காலையிலிருந்து மாலைவரை ஒரு சுவரைத் தள்ளுகிறார். சுவர் நகரவில்லை. அவர் செய்த வேலை எவ்வளவு?' இரண்டு தேர்விலும் அவன் 'மிக அதிகம்' என்று எழுதியிருந்தான். இதற்கான விதியைக் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டு என்று டீச்சர் சொன்னதால் ஒட்டினான்.

"சரி, பதில் என்ன?" என்றார் தகரம்.

"பூஜ்யம்."

"எது பூஜ்யம்?"

"அவர் செஞ்ச வேலை. சுவர் நகரலையே."

தகரத்தின் முகம் மாறியது. "நேத்து மூணாவது கூடத்துக் கதவை அரை மணி நேரம் தள்ளினது நான். துருப் பிடிச்சு நகரவே இல்லை. அதையும் பார்த்து எழுதி வெச்சிருக்கியா?"

"உங்களைச் சொல்லலைண்ணே! பொதுவா யாரு தள்ளினாலும்..."

"வேர்த்து ஊத்துச்சேடா எனக்கு!"

"வேர்வை வேலையில் சேராது" என்றான் அவன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகம் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. ஆகவே இன்னொரு உதாரணமும் சொன்னான். தோளில் பெட்டியை வைத்துக்கொண்டு சமதளத்தில் ஒரே வேகத்தில் ஒருவர் நடந்தால், பெட்டியைத் தாங்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது, போவதோ பக்கவாட்டில். எனவே அந்த விசை செய்த வேலையும் பூஜ்யம்.

அங்கே நின்ற பதினோரு பேரும் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான்.

கூட்டத்தின் கடைசியில் அத்தான் நின்றிருந்தார். அவனுடைய அக்காவின் கணவர். அவனை இந்தக் கிடங்கில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மற்றவர்கள் ஒரு பெட்டி தூக்கும் இடத்தில் அவர் இரண்டு தூக்குவார். தோளில் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அன்று மதியம் அவன் தாளை உரித்து எடுத்து மேஜைக்குள் வைத்தான். தொல்லை விட்டது என்று நினைத்தான். ஆனால் அந்தச் சுவரில் பல வருடத் தூசி. பசையோடு தூசியும் வந்துவிட்டதால் தாள் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. தாள் இருந்தபோது பார்க்காதவர்கள்கூட இப்போது பார்த்தார்கள்.

"எடுக்கச் சொல்லிட்டாங்க பார்த்தியா? விஷயம் வெளியே வந்துடுச்சுன்னு பயம்" என்று பேசிக்கொண்டார்கள்.

அது வெறும் பாடம் என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருப்பதாக அவனுக்குப் பட்டது. அடுத்த பாடத்தையும் ஒட்டுவது. யாரையும் புண்படுத்தாத வரியாக ஒன்றை அரை மணி நேரம் தேடினான். வேலை என்ற சொல்லே இருக்கக்கூடாது. இடம், பெயர்ச்சி எதுவும் கூடாது. கடைசியில் கிடைத்தது. அதை எழுதி வெள்ளைச் சதுரத்தை மறைத்து ஒட்டினான்:

'ஓய்வில் இருப்பது, வெளியிலிருந்து விசை வராதவரை ஓய்விலேயே இருக்கும்.'

புதன்கிழமை காலையில் நான்கு பேர் வரவில்லை.

"எல்லாருக்கும் கட்டாய ஓய்வாம்" என்று தகரம் விளக்கினார். "வெளியிலிருந்து யாராவது பெரிய ஆள் சிபாரிசு பண்ணாத்தான் திரும்ப எடுப்பாங்களாம். விசைன்னா சிபாரிசு. தெளிவாத்தான் போட்டிருக்கே."

"அந்த நாலு பேர் எங்கே?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் மாவு மில்லில் ஆள் எடுக்கறாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான். போயிட்டாங்க."

நான்கு பேருடைய பிழைப்பை ஒரு மார்க்கர் பேனா இடம் மாற்றிவிட்டது. நோட்டை எடுத்து, 'என் தவறுகள்' என்று தலைப்பிட்டு எண் போட்டான். மூன்றாவது தவறை எழுதிக்கொண்டிருந்தபோது, கூட்டிப் பெருக்கும் அம்மா வந்து, "மேனேஜர் கூப்பிடறார் தம்பி. அந்தத் தாளையும் எடுத்துட்டு வரச் சொன்னார். முதல் தாளு" என்றாள்.

மேனேஜரின் அறையில் காற்றாடி சுற்றியும் அவருக்கு வேர்த்திருந்தது.

"கதவைச் சாத்து. இதை உனக்கு யார் சொன்னது?"

"டீச்சர், சார்."

"எந்த டீச்சர்? அந்தம்மாவுக்கு யார் சொன்னது?"

"அவங்களா சொல்லலை சார். புத்தகத்துல இருக்கு."

"புத்தகமே போட்டாச்சா?" என்று மேனேஜர் பாதி எழுந்துவிட்டார்.

அவன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தான். சுவரைத் தள்ளும் மனிதனின் படம் போட்டிருந்தது. மேனேஜர் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பாவம், இவரும் தன் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார் போல என்று அவன் நினைத்தான். அவர் மேல் அவனுக்கு முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது.

"ஏம்ப்பா, நெஜமாவே பாடம்தானா?"

"சத்தியமா பாடம்தான் சார்."

"அப்ப ஒண்ணு பண்ணு. இதை எல்லாருக்கும் உட்கார வெச்சு நடத்து. நல்லாப் புரியற மாதிரி நடத்து. இன்னும் ஒருத்தன்கூடப் போயிடக் கூடாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு லாரி வரிசையா நிக்குது."

"சரி சார்."

"இது இங்கேயே இருக்கட்டும்" என்று மேனேஜர் தாளை வாங்கி, மடித்து, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு நடந்தது. மூன்றாவது கூடம் காலியாகக் கிடந்ததால் எல்லோரும் வசதியாக உட்கார முடிந்தது. கூட்டும் அம்மாவும் துடைப்பத்தோடு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு ஏதோ சொல்லித்தருகிறான். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு லாரியும் ஒரு ஈயும் வரைந்தான்.

"வேகமாப் போற லாரி மேல ஒரு ஈ மோதுது. யாருக்கு அதிக அடி?"

"ஈக்குத்தான். இதுக்கு எதுக்கு வகுப்பு?"

"இல்லை. ரெண்டு பேர் மேலயும் ஒரே அளவு விசைதான். லாரி ஈயை எவ்வளவு தள்ளுதோ, ஈயும் லாரியை அவ்வளவே தள்ளுது."

"அப்ப ஈ மட்டும் ஏன் சாகுது?" என்றார் தகரம்.

"விசை சமம்தான். ஆனா ஈ சின்னது. தாங்காது."

அதுவரை வாய் திறக்காத அத்தான், சாப்பாட்டு டப்பாவை மூடியபடி, "இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பாடம் பிடிபடுகிறது என்ற தைரியத்தில், பெட்டியை மேலே தூக்கி அடுக்கினால் நாம் செய்யும் வேலைக்குப் பிளஸ் குறி என்றும், மெதுவாகக் கீழே இறக்கினால் மைனஸ் குறி என்றும் சொன்னான்.

"இந்த வாரம் எங்கே அடுக்கினோம்?" என்றார் தகரம். "ரெண்டு வாரமா அடுக்கிலிருந்து இறக்கறதுதான். லாரி மேடை மட்டத்துல நிக்குது, தள்ளிவிட்டா போயிடுது. அப்ப நம்ம கணக்கு பூரா மைனஸா?"

"குறி மைனஸ்தான். ஆனா அது நாம செஞ்சது குறைச்சல்னு அர்த்தம் இல்லைண்ணே."

"மைனஸ்னா குறைச்சல் இல்லையாம். எங்க வீட்டுல வந்து சொல்லு."

கடைசியில் அவன் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டான். சுவரைத் தள்ளுபவர் செய்த வேலை? பூஜ்யம். பெட்டியோடு நடப்பவர்? பூஜ்யம். இது எதைப் பற்றியது? பாடத்தைப் பற்றியது. நம்மைப் பற்றியதா? இல்லை.

தகரம் மட்டும் எழுந்து நின்று வேறு விதமாகச் சொன்னார். "தம்பி, பாடம் நல்லா இருந்துச்சு. ஆனா நான் சுவரைத் தள்ளினவன். எது நகரும், எது நகராதுன்னு கைக்குத் தெரியும். நாளைக்கு நான் மில்லுக்குப் போறேன்."

ஏழு பேரில் ஆறு பேருக்குப் புரியவைத்துவிட்டான். நோட்டில் அதையும் குறித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அவன் டீச்சர் மேஜையருகே தயங்கி நின்றான். டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் பகலெல்லாம் நடத்திவிட்டு இங்கே வருபவர். எப்போதும் பாதி தூக்கத்தில்தான் இருப்பார். அவன் எழுதிய மாதிரித் தேர்வைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒருவேளை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, அதை மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்திருந்தா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரியா எழுதியிருக்கே. சுவர் கேள்விக்கு முழு மதிப்பெண். உன் பிரச்சினை இயற்பியல் இல்லை. உன் பிரச்சினை சந்தேகம். சரியான பதிலை எழுதிட்டு அடிச்சு அடிச்சு மாத்தறே. தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லப் பழகு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லு.

வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது ஒன்பதாவது மாதம். அத்தான் எதிரே இருந்தார். அவர் குளித்து முடித்த பிறகும் காது மடலில் டைல்ஸ் தூசி இருந்தது. இருவரும் அவனுக்காகக் காத்திருந்தது தெரிந்தது.

"மாவு மில் மேஸ்திரி இவருக்கு ஒரு இடம் பிடிச்சு வெச்சிருக்கானாம்" என்றாள் அக்கா. "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போய் நிக்கணும். போனா இங்கே விட்டுடணும். திடீர்னு நின்னா இத்தனை வருஷத்துக்கான பணிக்கொடையைத் தர மாட்டாங்க. போகலைன்னா அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். நீ சொல்லுடா. நீதான் எழுதினவன். அது வெறும் பாடம்தானா?"

"மில்லில் மாவுத் தூசி. எனக்கு ஏற்கனவே இருமல்" என்றார் அத்தான். "ஆனா வயித்துப் பிள்ளைக்காரியை வெச்சுக்கிட்டு வேலை இல்லாம நிக்க முடியாது, மச்சான். உனக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தா சொல்லிடு. நான் போயிடறேன்."

வழக்கமாக என்றால் அவன் தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஏழு காரணம், அந்தப் பக்கம் ஏழு காரணம் எழுதி, கடைசியில் எதுவும் சொல்லாமல் தூங்கப் போயிருப்பான். அன்றும் தாளை எடுத்தான். காலியாகக் கிடந்த மூன்றாவது கூடம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ரெண்டு வாரமா இறக்கறதுதான் என்று தகரம் சொன்னதும் வந்தது. இதோ, சரியான பதிலை எழுதிவிட்டு மறுபடி அடிக்கப் பார்க்கிறேன் என்று தன்னையே கடிந்துகொண்டான்.

தாளை வைத்துவிட்டான்.

"சந்தேகமே இல்லை அத்தான். மேனேஜரே படிச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சார். அது பாடம். தகரண்ணன் பதட்டத்துல போறார். நீங்க போகாதீங்க."

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். "இவன் எதையும் இப்படி அடிச்சுச் சொன்னதே இல்லைங்க" என்றாள் கணவனிடம். "சட்டை வாங்கப் போனாக்கூட ரெண்டு நாள் யோசிப்பான்."

"அப்ப சரி. இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் தகரம் கிளம்பினார். வாசலில் அத்தான் அவரிடம், "நான் வரலைன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க" என்றார். தகரம் முதல்முறையாக மெதுவான குரலில் ஏதோ சொன்னார். அத்தான் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

மீதி இருந்த ஆறு பேரும் அன்று பன்னிரண்டு லாரி ஏற்றினார்கள். எழுத்தும் லேபிளை முடித்துவிட்டுக் கை கொடுத்தான். கடைசிப் பெட்டியை அத்தான்தான் தள்ளினார். சரியாக ஐந்து மணி. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவரிடம் மேனேஜர் வந்து, தோளில் தட்டி, "நல்ல வேலை" என்றார். ஏழு வருடத்தில் மேனேஜர் யாரையும் தட்டிப் பார்த்ததில்லை என்று அத்தான் வீட்டில் வந்து சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷம். சனிக்கிழமை அவன் மட்டும் தேர்வுக்கு லீவு எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார்கள். நல்லா உழைச்சிருக்கீங்க என்று மேனேஜர் எல்லோருக்குமே லீவு கொடுத்துவிட்டார்.

தேர்வில் சுவர் கேள்வி வந்தது. அவன் 'பூஜ்யம்' என்று எழுதி, அடிக்காமல், அடுத்த கேள்விக்குப் போனான். அது மட்டுமல்ல, ஓய்வு நிலை வந்தது, ஈயும் லாரியும் வந்தது. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து, வாழ்க்கையில் எல்லாம் ஒருவிதமாகச் சரியாகிக்கொண்டு வருகிறதோ என்று யோசித்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அத்தானும் அவனும் கிடங்குத் தெருவில் திரும்பினார்கள். மற்ற ஐந்து பேரும் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். யாரும் பேசவில்லை. அவன் தரையைப் பார்க்கவில்லை.

பெரிய கதவில் புதிய பூட்டு தொங்கியது. கதவிடுக்கு வழியாக உள்ளே மூன்று கூடமும் தெரிந்தன. மூன்றும் காலி. அவனுடைய மேஜைகூட இல்லை. கூட்டும் அம்மா பசை டப்பாவோடு கதவருகே குனிந்திருந்தாள். ஒரு தாளை நாலு மூலையும் நீவி நீவி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் விலகியதும் தாள் தெரிந்தது. நடுவில் மடித்த கோடு. கறுப்பு மார்க்கர். கீழே இரண்டு சிவப்புக் கோடு.

'இடப்பெயர்ச்சி இல்லை என்றால் வேலை இல்லை.'

அத்தான் அதை ஒருமுறை படித்தார். பிறகு தோளில் இருந்த சாக்கை எடுத்து மடித்தார்.

"அம்மா," என்றான் அவன், "இது என்னோட பாடம்மா. இதை ஏன் இங்கே ஒட்டறீங்க?"

அம்மா கையிலிருந்த பசையைக் கதவில் துடைத்தாள்.

"சரக்கெல்லாம் புது ஊருக்குப் போயாச்சாம் தம்பி. மேனேஜர்தான் சாவியோட இதையும் குடுத்துட்டுப் போனார். நோட்டீஸ் புதுசா எழுத வேண்டாம், எல்லாம் இதுலயே சரியா இருக்கு, இதையே ஒட்டிடுன்னு சொன்னார்."